கையில் மிஞ்சிய தோல்

1

போன வாரம் ஒரு பெண் என் இரண்டு கைகளையும் படம் எடுத்தாள். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, காக்கை விரட்டும் சோளக்கொல்லை பொம்மை மாதிரி இரண்டையும் அகல நீட்டச் சொல்லி ஒன்று. ரோட்டர்டாமில் வந்து இறங்கிய புதிதில் போலீஸ் அலுவலகத்தில் என் முகத்தைப் படம் எடுத்தார்கள். அதற்குப் பிறகு இந்த நாடு என்னை இவ்வளவு அக்கறையாகப் படம் எடுத்தது இப்போதுதான்.

விஷயம் இதுதான். ஓட்டல் சமையலறைகளில் இருபது வருஷத்துக்கு மேல் நின்று, ருசி பார்த்து ருசி பார்த்தே உடம்பை வளர்த்தவன் நான். சர்க்கரை வந்தது. எடையை இறக்கு, இல்லையென்றால் ஊசிதான் என்று டாக்டர் சொன்னார். இறக்கினேன். வேலை முடிந்து டிராம் ஏறாமல் ஆற்றங்கரையோடு வீட்டுக்கு நடந்தேன். சோற்றைப் பாதியாக்கினேன், பீரை விட்டேன். உடம்பு இறங்கியது. தோல் இறங்கவில்லை. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில், ஈர வேட்டியைக் கொடியில் போட்டதுபோல் அது அப்படியே தொங்கி நின்றுவிட்டது.

குளிர்காலத்தில் இந்த ஊரில் யாருக்கும் கை கிடையாது, எல்லாம் கோட்டுக்குள் இருக்கும். கோடையில்தான் வம்பு. மடிப்பில் வேர்வை தங்கி அரிக்கிறது, புண்ணாகிறது. அதை வெட்டித் தைத்துவிடலாம் என்கிறார்கள். ஆனால் செலவை இன்ஷூரன்ஸ் கம்பெனி ஏற்க வேண்டும். அழகுக்காக என்றால் ஏற்கமாட்டார்கள், தொந்தரவு என்றால் ஏற்பார்கள். எது என்று முடிவு செய்யத்தான் படம்.

முதல் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது வரவேற்பில் இருந்தவளிடம், "என் கைகள் காலியாகிவிட்டன" என்று டச்சில் சொன்னேன். எனக்குத் தெரிந்த சொற்களை வைத்து அவ்வளவுதான் கட்ட முடிந்தது. பையைத் திருட்டுக் கொடுத்துவிட்டு வந்தவன் என்று நினைத்து, போலீஸ் அலுவலகத்துக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று வழி சொன்னாள். பிறகு சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினேன். உட்காரச் சொன்னாள்.

படம் எடுத்த பெண் கடைசியாக ஒரு கேள்வி கேட்டாள். "இந்தத் தோலால் உங்கள் வாழ்க்கையில் என்ன நஷ்டம்?"

யோசித்துப் பார்த்தேன். வேலை போகவில்லை. என்னைப் பார்த்து யாரும் இலையை விட்டு எழுந்து போகவில்லை. எனக்கு ஒன்றும் போகவில்லை என்றுதான் சொன்னேன். ஆனால் இதே தோலால் என் அக்காவுக்குப் பிழைப்பே போகப் பார்த்தது. அதை அந்தப் பெண்ணுக்குச் சொல்ல என் டச்சு போதாது. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். காரிமங்கலம் சந்தையில் எண்பதுகளில் சாப்பிட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் சொல்வது நிஜம் என்று பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லுங்கள்.

2

அக்கா பெயர் மாதம்மாள். காரிமங்கலத்தில் சந்தை கூடும் திடலுக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருந்தாள். கீற்றுக் கூரை, நாலு பெஞ்சு, பின்னால் இரண்டு அடுப்பு. பெயர்ப் பலகை கிடையாது, தேவையும் இல்லை. தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி போகும் பஸ்ஸில் கண்டக்டரே "குண்டக்கா கடையெல்லாம் எறங்கு" என்று கூவுவார்.

அவ்வளவு பெரிய உடம்பு அவளுக்கு. அடுப்பிலிருந்து பெஞ்சுக்கு வர அவள் திரும்பும்போது, சாப்பிடுகிறவர்கள் முதுகை நிமிர்த்தி வழி விடுவார்கள். அதில் அவளுக்கு வருத்தம் எதுவும் இல்லை. "இந்த ஒடம்புதான்டா நம்ம போர்டு" என்பாள். சாப்பாட்டுக் கடைக்காரி ஒல்லியாக இருந்தால் அங்கே எவன் நம்பி உட்காருவான்?

லாரி ஓட்டிய மாமா தொப்பூர்க் கணவாய் விபத்தில் போய்ச் சேர்ந்த பிறகு அவள் ஆரம்பித்த கடை அது. நிலம் கிடையாது. பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் பிள்ளைகள். கடை ஓடினால் வீட்டில் அடுப்பு எரியும், ஓடாவிட்டால் இல்லை.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். லாரியில் கிளீனர், பெங்களூரில் பேக்கரி, ஓசூரில் கம்பெனி கேண்டீன் என்று சுற்றிக்கொண்டிருந்தேன். கையில் ஒன்றும் இல்லாமல் போகும்போதெல்லாம் அக்கா கடைக்கு வருவேன். எதற்கு வந்தாய் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. "வந்துட்டியா, தண்ணி ரெண்டு கொடம் கொண்டா" என்பாள். நான் சொல்லப்போவது அப்படி ஒருமுறை வந்து, வழக்கத்தைவிட அதிக நாள் தங்கியபோது நடந்தது.

3

அக்காவின் பாதத்தில் ஒரு புண். ஆறவே இல்லை. தருமபுரி பெரியாஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். சர்க்கரை என்றார்கள். அங்கே இருந்த டாக்டரம்மா கொஞ்சம் வாய்த்துடுக்கு. அக்காவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரு எடை இருக்கும்மா உனக்கு. ஒருத்தரை எறக்கி விட்டுடு, இல்லன்னா இந்தக் காலை எடுக்கணும்" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஸ்டாப்பில் யாரோ ஒரு கிழவர் மூட்டையோடு இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், "நானும் அந்தம்மா சொன்னாப்புல ஒருத்திய எறக்கி வுட்டுடறேன்டா" என்றாள்.

மறுநாள் காலை முதல், வீடு இருந்த பக்கத்து ஊரிலிருந்து கடைக்கு நடந்தே வந்தாள். டவுன் பஸ் பக்கத்தில் வந்து நிற்கும், டிரைவர் ஆரன் அடிப்பார், ஏறமாட்டாள். மடியில் ஓர் எலுமிச்சம்பழ அளவுக் களியும் கீரையும் கட்டிக்கொண்டு வருவாள். நாள் முழுக்க அடுத்தவர்களுக்குப் பொன்னி அரிசிச் சோறு வடிப்பாள், சந்தை நாளில் ஆட்டுக்கறி குழம்பு வைப்பாள், ஒரு பருக்கை வாயில் போடமாட்டாள். குழம்பில் உப்பு பார்க்க என்னைக் கூப்பிடுவாள். என் முகத்தைப் பார்த்தே இன்னொரு கை போடுவாள், இல்லை விட்டுவிடுவாள்.

நான் எத்தனையோ பட்டினி பார்த்தவன். சாப்பாடு இல்லாமல் பட்டினி கிடப்பது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை, அது தானாக நடப்பது. கைக்கு எட்டும் தூரத்தில் கொதிக்கும் கறிக்குழம்பை வைத்துக்கொண்டு அவள் இருந்தாளே, அதை நான் வேறு எங்கேயும் பார்க்கவில்லை. பின்னால் வேலை பார்த்த கப்பலிலும் பார்க்கவில்லை, இங்கேயும் பார்க்கவில்லை. நான் எடை இறக்கியபோது தினமும் இரண்டு முறையாவது திருட்டுத்தனமாக வறுத்த உருளைக்கிழங்கு தின்றேன்.

எடை பார்க்க எங்களுக்கு வேறு இடம் தெரியாது. கடலைக்காய் மண்டியில் மூட்டை நிறுக்கும் தராசில்தான் ஏறி நிற்பாள். மண்டிக் கணக்குப்பிள்ளைக்குக் கொண்டாட்டம்.

"என்னாக்கா, மூட்டை கொறஞ்சுக்கிட்டே வருது. வழியில கொட்டிட்டு வர்றயா?"

"கொட்டலீங்க சாமி. நடந்து நடந்து ரோட்டுலயே தேய்ச்சுட்டேன்."

வருஷம் திரும்பியபோது புண் ஆறியிருந்தது. ரவிக்கைகள் எல்லாம் அவள் மேல் இரவல் வாங்கியவை மாதிரி நின்றன. முகத்தில் எலும்பு தெரிந்தது. அவளுக்கு இவ்வளவு பெரிய கண் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. மீதி எல்லாம் புடவைக்குள் மறைந்துவிட்டது. கை மட்டும் மறையவில்லை. குட்டைக் கை ரவிக்கைக்கு வெளியே, இரண்டு பக்கமும், முன்பிருந்த சதையின் பை மட்டும் தொங்கியது. சோறு போட அவள் கையை நீட்டினால் இலைக்கு மேலே, சாப்பிடுகிறவன் மூக்குக்கு நேரே, அது ஆடியது.

4

என் மகள் லதா தமிழில் பேசும்போது என்னை நீ என்பாள், டச்சில் பேசும்போது மரியாதை கொடுப்பாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அவள் அம்மா சுரினாமிலிருந்து வந்த குடும்பம், வீட்டில் மூன்று பாஷை, அதில் தமிழ் கடைசிப் பந்தி. படம் எடுத்துவிட்டு வந்த அன்று என் கையைத் தூக்கிப் பார்த்தாள். தோல் என்ற சொல் அவளுக்கு வரவில்லை.

"அப்பா, உன் கைக்குச் சட்டை பெரிசா இருக்கு."

"ஆமாம்மா. வளர்ந்தப்ப தெச்சது."

"வெட்டிடு. இங்க எல்லாரும் செய்றாங்க. எனக்கு ஒன்னும் வெக்கம் இல்ல, ஆனா நீ நீச்சல் குளத்துக்கு வரமாட்டேங்கற. பிள்ளைங்க கேக்குதுங்க."

அவளுக்கு இது ஒரு வேலை. குழாய் ஒழுகினால் ஆள் கூப்பிடுவதுபோல. வாரத்துக்கு இரண்டு முறை அந்தக் கம்பெனிக்குப் போன் செய்து, ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று சொல்லும் இயந்திரத்தோடு பொறுமையாகப் பேசுகிறாள். அத்தையின் கதையை அவளிடம் பாதி சொன்னேன். பாதியில் போன் வந்து எழுந்து போய்விட்டாள்.

கம்பெனியின் பதில் நேற்று வந்தது. அன்றாட வாழ்வுக்கு இடையூறு இருப்பதாகப் படங்களில் தெரியவில்லையாம். தூரத்தில் இருந்து படத்தைப் பார்த்தே சொல்லிவிட்டார்கள். லதாவுக்குக் கோபம். எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன் என்பது போகப் போகப் புரியும்.

5

அக்காவும் முதலில் மறைக்கத்தான் பார்த்தாள். கடைக்குப் பின் தெருவில் காதர் பாய் என்று ஒரு டெய்லர். அக்காவின் ரவிக்கைகளை எல்லாம் தைத்தவர் அவர்தான். பெண்கள் பெருத்துக்கொண்டே போவார்கள் என்று எல்லா டெய்லர்களையும் போல உள்ளே துணி விட்டுத் தைப்பார். இளைப்பார்கள் என்று அவர் எண்ணியதே இல்லை. அக்கா கையை நீட்டிக் காட்டியதும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார்.

"மாதம்மாக்கா, துணின்னா மடிச்சு ஒரு தையல் அடிச்சுடுவேன். இது அல்லா தெச்சது. நான் கைவெக்க முடியாது."

"அதுக்கு ஒன்னும் பண்ண வேணாம் பாய். முழங்கை வரைக்கும் இறுக்கமா ஒரு கை வெச்சுக் குடு. உள்ள தள்ளிப் பூட்டிக்கறேன்."

தைத்துக் கொடுத்தார். போட்டபோது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. உள்ளே ஒன்று இருப்பதே தெரியவில்லை. ஆனால் சித்திரை வெயில், இரண்டு அடுப்பு. மடிப்பெல்லாம் வேர்க்குரு. இறுக்கத்தில் ரத்தம் போகாமல் விரல் மரத்துப்போகும், கையை உதறி உதறி விடுவாள். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, ரசச் சட்டியை இறக்கும்போது பிடி நழுவியது. சட்டி அடுப்பில் கவிழ்ந்து ஒரே சாம்பல் புகை. கால்மேல் விழவில்லை, அந்த மட்டில் தப்பித்தாள். ஆறிய புண் இருந்த கால் அது.

புகை அடங்கியதும், ரவிக்கைக் கையை அரிவாள்மனையில் கொடுத்து இரண்டு பக்கமும் அறுத்துப் போட்டாள். அதே துணியில் அடுப்பு மேடையைத் துடைத்தாள்.

"ஆடட்டும்டா. சோறு போடற கை ஆடாம எப்பிடி?"

நான் சாயந்திரம் போய் காதர் பாயிடம் சொன்னேன். அவர், "நான் அன்னிக்கே சொன்னேனில்ல" என்று சிரித்தார். ஆனால் அடுத்த வாரம் அவரே கடைக்கு வந்து, வழக்கமாக உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார். அப்போது அது சின்ன விஷயம் இல்லை. ஏனென்றால் அதற்குள் ஆள் குறைய ஆரம்பித்திருந்தது.

6

முதலில் வராமல் போனவர்கள் லாரிக்காரர்கள். பிறகு மளிகைக் கடைப் பையன்கள். எதிரே புதிதாக ஒரு டீக்கடைக்காரர் தோசைக்கல் போட்டிருந்தார், அங்கே போனார்கள். மதியத்துக்கு வடித்த சோறு மிஞ்சி, மாலையில் நான் அதைக் கூடையில் எடுத்துக்கொண்டு போய் எருமை வைத்திருப்பவர்களுக்குக் கொடுத்தேன்.

அக்காவுக்கு எலும்புருக்கி, அந்த டி.பி. ஒட்டிக்கொள்ளும் என்று பேசிக்கொண்டார்கள். சர்க்கரை என்றால் அந்தக் காலத்தில் அது பணக்காரர்களுக்கு வரும் நோய், சோறு வடிக்கிறவளுக்கு எப்படி வரும்? ஒரு வருஷத்தில் பாதி ஆளாக ஒருத்தி கரைந்தால் அது எலும்புருக்கிதான். அதுவும் அவள் தான் வடித்த சோற்றைத் தானே தொடுவதில்லை. அதையும் எல்லோரும் கவனித்திருந்தார்கள்.

இவ்வளவுக்கும் மேலே, சொன்ன ஆள் யார் என்பது இருக்கிறது. சொன்னவர் திம்மராயன். மாட்டுத் தரகர். வீட்டில் கன்னடம், சந்தையில் தமிழ். சந்தைக்கு மாடு வாங்க வருகிற குடியானவர்கள் அவர் வாயைப் பார்த்துத்தான் துண்டுக்குள் கை விடுவார்கள். எங்கள் பக்கம் மாட்டு விலையை வாயால் பேசுவதில்லை. விற்பவர் கையும் தரகர் கையும் ஒரு துண்டுக்கடியில் சேர்ந்து, விரலைப் பிடித்துத்தான் விலை சொல்லும். அந்த விரல்களை அவ்வளவு பேர் நம்பினார்கள். டீக்கடையில் கிளாஸை வைத்துக்கொண்டு அவர் சொன்னது ஒரே வார்த்தை: "தோலு அப்பிடித் தொங்குதுன்னா, உள்ள என்னமோ கரையுதுன்னு அர்த்தம்."

டாக்டரம்மா கொடுத்த சீட்டை அக்கா கல்லாவில் தெரியும்படி வைத்துப் பார்த்தாள். யார் படிப்பார்கள்? திம்மராயன் சொன்ன பிறகு டாக்டர் என்ன, கலெக்டர் வந்து சொன்னாலும் எங்கள் சந்தையில் எடுபடாது. மாடு தெரிந்தவனுக்கு மனுஷி தெரியாதா என்று நினைத்தார்கள். எனக்கும் அப்போது அப்படித்தான் இருந்தது. ஒருவேளை அவர் சொல்வது சரியோ என்று பயமாக இருந்தது.

அடுத்த சந்தைக்கு ஆள் வராவிட்டால் கடையை எடுத்துவிட வேண்டியதுதான் என்று அக்கா சொன்னாள். அழவில்லை. பெரியவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, ஓசூரில் கம்பெனி வேலைக்கு அனுப்ப முடியுமா என்று என்னை விசாரிக்கச் சொன்னாள். அரிசி ஊறவைக்கும்போது அளக்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

7

சந்தை நாள். திடல் முழுக்க மாடு, தூசி, புளியமரத்தடியில் வண்டிகள். பதினொரு மணிக்கே குழம்பு இறக்கியாகிவிட்டது. பெஞ்சு காலி. காதர் பாய் மட்டும் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து, தேவையில்லாமல் இரண்டாம் தடவை சோறு கேட்டுக்கொண்டிருந்தார். எதிரே டீக்கடையில் திம்மராயனும் அவரைச் சுற்றி ஏழெட்டு வியாபாரிகளும் நின்றுகொண்டே தோசை தின்றுகொண்டிருந்தார்கள்.

அக்கா கரண்டியோடு அப்படியே ரோட்டைத் தாண்டினாள். நானும் பின்னால் ஓடினேன்.

"திம்மராயண்ணா."

"என்னாம்மா."

"எனக்கு எலும்புருக்கின்னு சொன்னீங்களாமா?"

"அப்பிடி நான் எங்கம்மா சொன்னேன்? தோலு தொங்குது, உள்ள கரையுதுன்னேன். கண்ணுக்குத் தெரியறதத்தான சொன்னேன்."

"எங்க இருந்து பாத்தீங்க?"

"இங்க இருந்துதான்."

"ரோட்டுக்கு இந்தாண்ட நின்னுக்கிட்டு, அந்தாண்ட கட்டியிருக்கற மாட்டுக்கு வெல சொல்லுவீங்களாண்ணா?"

சுற்றி நின்றவர்களில் ஒருவர் இருமினார். திம்மராயனுக்கு முகம் மாறியது. அவருடைய தொழிலைத் தொட்டுவிட்டாள்.

"அதெப்பிடிச் சொல்றது? பல்லு பாக்கணும், நடக்க வுட்டுப் பாக்கணும், தோலு இழுத்துப் பாக்கணும். சும்மாவா?"

"பல்லு எல்லாம் இருக்குது. நடந்துதான் வந்திருக்கேன், தெனமும் நடந்துதான் வர்றேன், பஸ்காரனக் கேளுங்க. தோலு பாருங்க."

கரண்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையை நீட்டினாள்.

தோல் பார்ப்பது என்றால் என்ன என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். மாட்டின் விலாவில் தோலைக் கிள்ளி இழுத்து விடுவார்கள். விட்டதும் சட்டென்று படிந்தால் மாடு நல்ல மாடு. இழுத்தது இழுத்தபடி கூடாரம் மாதிரி நின்றால், உள்ளே நோய் இருக்கிறது, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதே. அவள் கையில் தொங்கிய தோலைப் பார்த்தால், அது எப்படிப் படியும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அவ்வளவு தோல் எங்கே போய்ப் படியும்? அக்கா, வேண்டாம், வா போகலாம் என்று முந்தானையை இழுத்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

திம்மராயன் இரண்டடி பின்வாங்கினார். பதறினால் அவருக்குக் கன்னடம் வந்துவிடும். "பேடம்மா, பேட. வேணாம்மா. பொம்பளை கையப் புடிச்சு... நாலு பேரு பாக்கறாங்க."

"நாலு பேரு பாக்கத்தான் வந்தேன். நீங்க சொன்னதும் நாலு பேருகிட்டத்தான?"

இன்னும் அவர் கையை எடுக்கவில்லை. அக்கா அவர் தோளில் கிடந்த துண்டை உருவினாள். தன் கைமேல் விரித்துப் போட்டாள்.

"சந்தையில எப்பிடிப் பாப்பீங்களோ, அப்பிடிப் பாருங்க."

யாரோ ஒருவன் பின்னாலிருந்து, "டேய், குண்டக்காவுக்கு வெல பேசறாங்கடோய்" என்று கத்தினான்.

"வெல பேச நான் உங்கப்பன் வூட்டு எருமையாடா?" அக்கா குரலை உயர்த்தாமலே சொன்னாள். சிரிப்பு அவன் பக்கம் திரும்பியது.

திம்மராயன் துண்டுக்குள் கை விட்டார். விட்டதும் அவர் வேறு ஆள். விலை பேசும்போது செய்வதுபோலவே கண்ணை மூடிக்கொண்டார், தலையைக் கொஞ்சம் சாய்த்தார். துண்டு லேசாக உயர்ந்தது, தாழ்ந்தது. மறுபடி உயர்ந்தது. அக்காவின் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. கரண்டியிலிருந்து குழம்பு அவள் காலடியில் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு திம்மராயன் வெட்கத்தையெல்லாம் மறந்து, துண்டைத் தானே எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, எல்லோர் கண்ணுக்கும் எதிரே இரண்டு விரலால் தோலைப் பிடித்து இழுத்து விட்டார். அது போய்ப் படிந்தது.

"போவுது" என்றார், தனக்குத்தானே.

"சத்தமாச் சொல்லுங்கண்ணா. அன்னிக்குச் சத்தமாத்தான சொன்னீங்க."

"தோலு போவுதுப்பா. ஈரம் இருக்குது, சூடு சரியா இருக்குது. நோவு இல்ல." சுற்றிப் பார்த்துச் சொன்னார், சந்தையில் சொல்வது மாதிரி. "கொழுப்புத்தான் எறங்கியிருக்குது. சதை கட்டு வுடல. ஓயாம உழுத மாடு இப்பிடித்தான் இருக்கும். நான் அன்னிக்குச் சொன்னது தப்பு."

சொல்லிவிட்டு, கொஞ்சம் தைரியம் வந்து, "மாடா இருந்தா நானே புடிச்சுட்டுப் போயிருப்பேன்" என்றார்.

"புடிச்சுட்டுப் போயி வைக்கோல்தான போடுவீங்க? வாங்க, எலை போட்டிருக்குது. ஆட்டுக்கறி."

தோசையைப் பாதியில் வைத்துவிட்டு அவர் ரோட்டைத் தாண்டினார். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு பின்னால் வந்தார்கள். முதல் கை சோறு விழும்போது எல்லோரும் அவள் கையைத்தான் பார்த்தார்கள். இரண்டாம் கைக்குக் குழம்பைப் பார்த்தார்கள். மூன்று மணிக்கு எனக்குச் சோறு மிஞ்சவில்லை. காதர் பாய் வீட்டிலிருந்து வந்த சப்பாத்தியைத் தின்றேன்.

சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ளத் தெரிந்த மனிதர் திம்மராயன். அப்படிப்பட்டவர்களையும் நான் அதிகம் பார்த்ததில்லை. இதையும் இங்கே எழுதி வைக்க வேண்டும்.

8

நான் சில மாதத்தில் மறுபடி கிளம்பிவிட்டேன். பம்பாய், அங்கிருந்து கப்பல் சமையலறை, அங்கிருந்து இந்த ஊர். கடை கீற்றிலிருந்து ஓட்டுக்கு மாறியது, ஓட்டிலிருந்து தளத்துக்கு மாறியது என்று செய்தி வரும். பெரியவள் ஓசூர் போகவில்லை, படித்து, தருமபுரிப் பக்கம் இண்டூரில் டீச்சரானாள். அக்கா இன்னும் குட்டைக் கை ரவிக்கைதான் போடுகிறாள்.

கம்பெனியின் பதில் வந்த பிறகு நேற்று அவளுக்குப் போன் செய்தேன். வெட்டி எடுக்கும் விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு நம்ப முடியவில்லை.

"எடுத்து என்னாடா பண்ணுவாங்க? நாய்க்குப் போடுவாங்களா?"

"தெரியாதுக்கா. எரிச்சுடுவாங்க போல."

"அரிச்சா வெட்டிக்கோ. வேர்க்குருவோட யாரு கெடக்கறது. அந்தக் காலத்துல அப்பிடி ஒரு டாக்டரு இருந்திருந்தா, நானே மொத ஆளா போயிப் படுத்திருப்பேன்."

இது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இத்தனை வருஷமும் அவளை நான் வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன். "அன்னிக்கு அத்தனை பேரு முன்னால கைய நீட்டினியே, உன்னை மாதிரி தைரியம் எனக்கு வராது" என்றேன்.

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். இருமல் வருகிற அளவுக்குச் சிரித்தாள்.

"தைரியமா? அந்த வாரம் முழுக்க, குளிக்கறப்பல்லாம் இழுத்து வுட்டு இழுத்து வுட்டுப் பாத்துட்டுத்தான்டா வந்தேன். வலது கை ஒடனே போவுது. எடது கை மட்டும் கொஞ்சம் நின்னு நின்னுதான் போச்சு. அந்தாளு எடது கையக் கேட்டிருந்தான்னா, அன்னிக்கே கடைய மூடியிருப்பேன்."

"அப்ப, எடது கையக் கேட்டுடுவாரோன்னு உனக்குப் பயம் இல்லையா?"

"இல்லாம? அதுக்குத்தான் எடது கையில கரண்டியக் குடுத்து வெச்சிருந்தேன்."